தோலுக்கு விலை வைத்தவள்

திட்ட அறிக்கையில் அந்த ஒரு வரியை எழுதியது நான்தான். 'மூலப்பொருள்: பலாத்தோல். செலவு இல்லை.' எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த கை எழுதிய பொய் அது. அப்போது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரியாமல் இருக்க எனக்கு என்ன கேடு? அந்தத் தோலைத் தின்ற மாட்டின் பாலில்தான் தினமும் காலையில் காபி குடித்தேன்.

ஆலங்குடிப் பக்கம் பலாச்சுளையில் சிப்ஸ் போட்டு, கூழ் எடுத்து டப்பாவில் அடைக்கும் ஆலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. முதலாளி சவுதியில் பல வருடம் வண்டி ஓட்டிச் சேர்த்ததை அதில் போட்டவர். ஆலைக்குப் பின்னால் தோலும் சக்கையும் குவியும். நாறுவதற்குள் என் அக்கா தள்ளுவண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவாள். மாமா தவறிய பிறகு அவளுக்கு இருந்தது இரண்டு கறவை மாடுகள். கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நிற்காமல் அவள் நிமிர்ந்து நடந்தது அவற்றால்தான். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் பச்சைப்புல் கண்ணில் படாது. அந்த மாதங்களைத் தாண்ட வைத்தது பலாத்தோல்.

ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த நான் முதலாளியிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"அண்ணே, இந்தத் தோல்ல பெக்டின் இருக்குண்ணே. ஜாம் உறையப் போடுற பொடி. அம்புட்டும் தங்கம்ணே."

"அப்புடியா தங்கச்சி? ஒரு ரிப்போர்ட்டு போடுங்களேன்."

போட்டேன். மறு சீசன் தொடங்கியதும் பின்பக்க கேட்டில் பூட்டு தொங்கியது.

அக்கா காலி வண்டியோடு நின்றாள். "ஏன்டி, போன வருசம் வரைக்கும் இது குப்பைதானடி?"

"இப்ப இது மூலப்பொருள்க்கா. கொஞ்ச நாள் பொறுத்துக்க. நல்லா ஓடுனா ஒனக்கும் இங்கிட்டே வேலை வாங்கித் தாரேன்."

அந்தப் பதிலைச் சொன்ன வாயில் இன்றைக்கும் ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

சோதனைக் குடுவையில் அழகாக உறைந்தது, ஆலையில் உறையவில்லை. தோலை உலர்த்த மின்சாரம், கழுவத் தண்ணீர், பெக்டினைப் பிரித்தெடுக்க ஸ்பிரிட். அந்த ஸ்பிரிட்டுக்கு அனுமதி கேட்டு அலைந்ததிலேயே பாதி சீசன் போனது. வாங்க வந்த கம்பெனிக்காரர் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி உறையணுமேம்மா. மரத்துக்கு மரம் பழம் மாறுமே" என்றார். பலாப்பழம் தின்று வளர்ந்த எனக்கு இதைச் சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. வெட்கக்கேடு.

தோல் குவிந்து அழுகியது. ஈ மொய்த்தது. "அக்காவுக்காவது குடுங்கண்ணே" என்று கேட்டேன்.

"நீங்கதானே தங்கச்சி தங்கம்னீங்க? தங்கத்த மாட்டுக்குப் போடுவாகளா?"

நக்கல் இல்லை. மனிதர் இன்னும் என் அறிக்கையை நம்பிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் அக்கா ஒரு மாட்டை விற்றாள். ஆனி முடிவதற்குள் மற்றதையும் விற்றாள். அடிமாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று வியாபாரியிடம் சத்தியம் வாங்கினாளாம். அடுத்தவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். என்னிடம் அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

ஆடியில் முதலாளி எல்லாவற்றையும் கைகழுவினார். எந்திரத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, "பாவம், ஒங்க அக்காவுக்கே போகட்டும்" என்று ஒரு டிராக்டர் நிறையப் புதுத் தோலை ஏற்றினார். மாடு போன கதை அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு முகமில்லை. கோழை மாதிரி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

டிராக்டர் அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போனது. அக்கா வெளியே வந்து, மலையாகக் கிடந்த தோலையும் என்னையும் பார்த்தாள். பல வாரம் கழித்து என்னிடம் பேசினாள்.

"எந்த மாட்டுக்குடி?"

நான் அவளுடைய தள்ளுவண்டியை எடுத்து அள்ள ஆரம்பித்தேன். அவள் தடுக்கவுமில்லை, கூட வந்து கைகொடுக்கவுமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொழுந்தன் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.