குடும்பத்தோடு அளவெடுத்த மட்கார்டு

ஆசைப்பட்டு ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டேன். திரும்பினாலும் உரசல், வேகத்தடை ஏறினாலும் உரசல்.

இன்று காலை சிங்கவரம் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன்.

"மட்கார்டைக் கொஞ்சம் வெட்டி விடுங்கண்ணே."

பட்டறைக்கார அண்ணன் கட்டரைத் தொடவே இல்லை.

"ஊட்ல எத்தினி பேரு சார்?"

"நாலு பேரு."

"எல்லாரையும் இட்டுனு வாங்க. காலி வண்டிக்கு வெட்டி இன்னா பண்றது? ஆளு ஏறினா வண்டி எறங்கும்ல?"

போய்க் கூட்டி வந்தேன்.

டயர் விளிம்பெல்லாம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். எங்களை உட்கார வைத்து அவரே ஓட்டினார். வேகத்தடையில் ஏற்றி இறக்கினார், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்தார்.

திரும்பி வந்து குனிந்து பார்த்தால், மட்கார்டுக்குள் உரசிய இடத்தில் மட்டும் வெள்ளை!

அந்த வெள்ளை அளவுக்குத்தான் வெட்டினார். ஓரத்தைச் சுத்தியலால் உள்ளே மடித்தார். வெளியே பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. வீடு வரைக்கும் சத்தமே இல்லை. மனுஷன் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

ஒரே ஒரு சங்கடம். மூன்று மட்கார்டில் வெள்ளை விரல் அகலம். பின்னால் நான் உட்கார்ந்த பக்கம் மட்டும் உள்ளங்கை அகலம்.

"டயர் மேல தப்பு இல்லீங்க" என்றாள் மனைவி.

உங்கள் வீட்டு வண்டியில் யார் பக்கம் உரசும்? உண்மையைச் சொல்லுங்கள்.