நீளவால் தேள்

ஆட்சி மாறியும் கூலி நெல் தகராறு தீரவில்லை. குடவாசல் பக்கம் கூலிக்காரர்களின் ஒரு தெருவே பண்ணை ஆட்களின் அடிக்குப் பயந்து ஓடிப்போயிருந்தது. அந்தக் காலிக் குடிசைகளில்தான் ஒரு கல்லூரி வாத்தியாருக்காக நான் தேள் பிடித்தேன். தேடல் முடியும்வரை சோறு போடுவதாகச் சொல்லியிருந்தார்.

வளைகளுக்குள் தடித்த தேள்கள் கிடைத்தன. வெளியே திரிந்தவை ஒல்லியாக, வால் நீண்டு இருந்தன. நீளவாலைப் புது இனமென்று எழுதி அனுப்ப அவர் ஆயத்தமானார்.

அன்று அந்தியில் ஒரு குடிசைக்குள் போனேன். அடுப்பில் வைத்த சட்டி அப்படியே இருந்தது. அதன் முன்னால் ஒரு நீளவாலும் ஒரு தடித்த தேளும் முன் இடுக்கிகளைக் கோத்துக்கொண்டு சத்தமில்லாமல் முன்னும் பின்னும் நடந்தன. வீட்டுக்காரர்களே திரும்பிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. துண்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

சொன்னால் சோறு போய்விடும். ஆனாலும் சொன்னேன்.

"சார், ரெண்டும் வேற வேற இல்ல. புருசன் பொண்டாட்டி."

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தியாக்கும்?"

"கையக் கோத்துக்கிட்டு நடக்குதுங்க சார்."

அவர் தேள்களைப் போட்டுவைத்திருந்த சாராய ஜாடியிலிருந்து இரண்டு வகையையும் எடுத்துப் புரட்டினார். வயிற்றடியில் சீப்புபோல ஓர் உறுப்பு இருந்தது. நீளவாலுக்கு அதன் பற்கள் பெரியவை. மற்றதெல்லாம் ஒன்றே. நீளவால்தான் ஆண்.

"மானம் தப்பிச்சுது. நாளையிலேருந்து வர வேண்டாம்பா."

காலையில் துண்டை எடுக்கப் போனேன். அடுப்பின் முன் அந்த நீண்ட வால் மட்டும் கிடந்தது; மற்றதைப் பொண்டாட்டி தின்றிருந்தது. அடுத்த சோற்றைத் தேடி நாகூர் ரோட்டைப் பிடித்து நடந்தேன்.