படகு வரும்வரை பாட்டில்லை

மகனைப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திருக்கிறேன். நேற்று மீன்பிடிக்கப் போனவன், இரவுப் புயலுக்குப் பின் இன்னும் திரும்பவில்லை. துறையோரத் தேநீர்க் கடையில் நிற்கிறேன். கடைக்குப் புதிதாக வாங்கிய ரேடியோ மலாயில் ஏதோ சொல்கிறது; காற்று தணிந்துவிட்டதாம் என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அடுத்துப் பாட்டு தொடங்கியதும் கடைக்காரர் காதர் அதை அணைக்கிறார்.

“பாட்டுக் கேட்டா மீனெல்லாம் ஓடிருமா, காதர் அண்ணே?” என்று ஒருவர் சீண்டுகிறார்.

“எல்லாப் படகும் வரட்டும்லா. அதுவரைக்கும் இங்க பாட்டு கிடையாது.” என் பக்கம் திரும்புகிறார். “உங்க பிள்ளையும் கடல்லயா?”

தலையசைக்கிறேன். சிறுவயதில் என் பாட்டைக் கேட்டுத்தான் அவன் தூங்குவான். பாதியில் நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்ப்பான்.

காதர் வாசல் பெஞ்சைக் காட்டுகிறார். கடலைப் பார்த்தபடி அங்கே அமர்ந்திருக்கும் மலாய்ப் பெண் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறாள்.