“டேட் வந்துருச்சு” என்று வந்த போன்

உங்கள் அம்மா சபைக்கு வருவதை நிறுத்திய வருடம் இரண்டாயிரத்து ஆறு. பிள்ளைகளே, இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிக்கிறவள் அவள். அவள்தான் ஒரு நாள், “நீங்க போயிட்டு வாங்க. அந்தச் சனத்துக்கு முன்னால என்னால உக்கார முடியாது” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் தனியாகப் போனேன். எல்லாரும் பாடினார்கள். எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

நீங்கள் இருவரும் இப்போது விஷயம் புரிகிற வயதுக்கு வந்துவிட்டீர்கள். அதனால் இதை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். நம் சபையில் இதே பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களும் வாசிக்கட்டும். நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது இரண்டாயிரத்து இரண்டில். தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். திருப்பூரில் நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். உங்கள் அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பெரும்பாலும் அவளுக்கு ஒன்றரை ஷிப்ட், காலையில் போனால் ராத்திரிதான் வருவாள். சரக்கு அனுப்புகிற ஷிப்மென்ட் நேரம் வந்தால் எனக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. கதவுச் சாவியை ஒருவர் கையில் இருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிற நேரத்தில்தான் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

உங்கள் அம்மாவுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. சில சமயம் இரண்டு மாதம் வராது, சில சமயம் மூன்று மாதமும் வராது. மற்றப் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனால் நல்ல செய்தி. இவளுக்கு அது சும்மாவே தள்ளிப்போகும். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் நாங்கள் நம்பினோம். நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் வீட்டுக்கார அம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று, “ஏங்கண்ணு, முழுகாம இருக்கறயா?” என்று கேட்பார். நல்ல மனசுதான். உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாள். வந்து என்னைப் பார்ப்பாள். அப்புறம் ஒரு நாள் உதிரப்போக்கு வந்துவிடும்.

ஒரு தடவை நாள் ரொம்பவே தள்ளிப்போனது. எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிற அக்காவிடம் மட்டும், “ஜெபம் பண்ணிக்கோங்கக்கா” என்று உங்கள் அம்மா சொல்லியிருந்தாள். அந்த அக்காவுக்கு மனசில் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து, “நம்ம வசந்தியோட வயித்த ஆண்டவர் ஆசீர்வதிச்சிருக்காரு, எல்லாரும் தோத்திரம் சொல்லுங்க” என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். உங்கள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த வாரம் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருக்கும்போதே அவளுக்கு உதிரம் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வேதனை. சபையில் பெண்கள் அவள் கையைப் பிடித்து, “கலைஞ்சு போச்சாம்மா?” என்று விசாரித்தார்கள். ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தர் உடம்புக்கு நல்லது என்று நாட்டுக்கோழி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருத்தர், “வீட்டுல ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கும், யோசிச்சுப் பாருங்க” என்றார். உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்:

“கலைஞ்சு போச்சான்னு கேக்காவ. என்னத்தச் சொல்ல? உண்டானாத்தான கலையும்? இல்லாத பிள்ளைக்கு நான் எப்படிங்க துக்கம் கொண்டாடுவேன்?”

அன்றைக்குத்தான் அவள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். ஜெபிப்பதையும் நிறுத்தினாள். “நீங்க கேளுங்க. எனக்கு அவருகிட்டக் கேக்க வாய் கூசுது” என்றாள்.

பிறகு ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். “மாசாமாசம் கருமுட்டை முதிர்ந்து வெளிய வரோணுமுங்க. இவங்களுக்குச் சில மாசம் வருது, பல மாசம் வர்றதில்ல. எப்ப வரும்னும் சொல்ல முடியறதில்ல. அவ்வளவுதான் விசயம். இதுல யாரு மேலயும் குத்தம் இல்லீங்க.” எனக்கும் ஒரு பரிசோதனை செய்தார், என்னில் குறை இல்லை என்றார். உங்கள் அம்மாவுக்கு மாத்திரையும் ஊசியும் கொடுத்தார். ராத்திரி வேலையை விடச் சொன்னார். முட்டை முதிர்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதாகவும், அவர் சொல்கிற நாட்களில் நாங்கள் இருவரும் கட்டாயம் வீட்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் கட்டிங் மாஸ்டர் இல்லை என்றால் துணி வெட்ட முடியாது. துணி வெட்டவில்லை என்றால் டெய்லர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். டாக்டரம்மா சொன்ன நாள் வந்தபோதெல்லாம் எனக்கு ஷிப்மென்டும் வந்தது. ஊசி குத்திய கையைத் தடவிக்கொண்டு உங்கள் அம்மா வீட்டில் காத்திருந்தாள். நான் கம்பெனியில் துணிக்கட்டின் மேல் படுத்திருந்தேன். ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது அவள் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“சாயப்பட்டறையில இருந்து வந்த துணிய உடனே வெட்ட மாட்டிய. உதறிப் போட்டு, ஒரு நாள் ஓய்வு குடுத்துத்தான் வெட்டணும், இல்லன்னா சுருங்கிரும்னு நீங்கதான சொல்லுவிய. துணிக்கு இருக்க மரியாத எனக்கு இல்லையா?”

அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கட்டிங் டேபிளில் துணியை விரித்துக்கொண்டே மனசுக்குள் ஜெபித்தேன். என்ன பொய் சொல்லி லீவு வாங்கலாம் என்றும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? அது வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் மனசு ஒப்பவில்லை. “ஆண்டவரே, பிள்ளை தாரும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இன்றைக்கு இது ஒன்றுதான் கேட்கிறேன். பொய் சொல்லாமல் நான் வீட்டுக்குப் போக ஒரு வழியைத் திறந்துவிடும்.” இதுதான் என் ஜெபம். பல நாள் இதையே ஜெபித்தேன்.

அந்த வழி எப்படித் திறந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் செல்போன் கூடாது. ஆபீஸில் ஒரே ஒரு போன். எடுக்கிறவர் பெரும்பாலும் முதலாளிதான். அவரிடம் போய் முட்டை, ஸ்கேன் என்றெல்லாம் உங்கள் அம்மா சொல்ல முடியுமா? அதனால் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசி வைத்திருந்தோம். ஸ்கேனில் நாள் கூடி வந்தால் “டேட் வந்துருச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். யாருக்கும் புரியாது என்று நினைத்தோம். திருப்பூரில் ‘டேட்’ என்றால், பையர் என்று நாங்கள் சொல்கிற வெளிநாட்டு வியாபாரிக்குச் சரக்குக் கப்பலேற வேண்டிய தேதி. அது எங்கள் புத்திக்கு எட்டவில்லை பாருங்கள்!

ஒரு நாள் மதியம் முதலாளி கட்டிங் ரூமுக்குள் வேகமாக வந்தார்.

“மாஸ்டர், உங்கூட்டுக்காரம்மா போன் பண்ணுனாங்க. டேட் வந்துருச்சுன்னு உங்ககிட்டச் சொல்லோணுமாம். ஏனுங்க மாஸ்டர், எந்தப் பையரோட டேட்டுங்க அது? எனக்குத் தெரியாம உங்கூட்டுக்கு வருது?”

நான் கத்திரியைக் கீழே வைத்தேன்.

“வெளிய ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டறீங்களா? எங்கிட்டச் சம்பளம் வாங்கிட்டு? நேராச் சொல்லுங்க.”

துணி விரிக்கிற ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அப்போதும் அந்தப் பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது.

“மொதலாளி, அது சரக்கு டேட் இல்லீங்க.”

“பின்ன என்ன டேட்டுங்க?”

“பிள்ளைக்கான டேட்டுங்க.”

யாரோ ஒருவன் பின்னால் இருந்து, “அந்தச் சரக்குக்கு இன்ஸ்பெக்‌ஷன் யாருங்க மாஸ்டர்?” என்றான். ரூமே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. என்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, ஊசி, வீணாய்ப் போன மாதங்கள், சபையில் நடந்தது, எல்லாம். சொல்லும்போது ஆம்பளை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எம் மருமவளுக்கும் இதேதானுங்க மாஸ்டர். நாங்க வெளிய சொல்றதில்ல. எம் பையனும் ராப்பகலா சாயப்பட்டறையிலயே கெடக்கறான். நானும் வேலையப் பாருடான்னுதான் அவனை முடுக்கறேன்.” எழுந்து கதவைத் திறந்தார். “நீங்க கெளம்புங்க. துணி எங்கயும் ஓடிப்போயிராது. பையருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

பொய் சொல்லாமல் வழி திறந்தது, பிள்ளைகளே. பயந்து மறைத்து வைத்த வார்த்தையையே ஆண்டவர் கதவாக்கினார். அதற்குப் பிறகு போன் வந்தால் முதலாளியே வாசலில் நின்று, “மாஸ்டர், டேட்டுங்கோ!” என்று கூப்பிடுவார்.

ஆனால் அந்த மாதம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமும் ஆகவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும். வழி திறந்த அன்றைக்கே குழந்தை வந்துவிட்டது என்று நான் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. உங்கள் அம்மா, “வழியத் தெறந்தாரு, வாசலப் பூட்டிட்டாரு” என்று கசந்து சொன்னாள். மாத்திரையை எடுத்து வீசவும் போனாள். “மாத்திரைய நீ சாப்பிடு, ஜெபத்த நான் பாத்துக்கிடுதேன்” என்று கெஞ்சினேன்.

பிறகு ஒரு நாள் காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மாதவிலக்கு வந்திருந்தது. ஒரு மாதம் முடிந்ததும் தானாகச் சரியாக வந்திருந்தது. “மத்தவளுவ இது வந்துட்டேன்னு அழுவாளுவ. நான் வந்துட்டேன்னு சிரிக்கேன் பாருங்க” என்றாள். உடம்பு ஒழுங்குக்கு வருகிறது என்று டாக்டரம்மாவும் சொன்னார். அன்றைக்கு எவ்வளவோ நாளுக்குப் பிறகு என்னோடு ஜெபத்துக்கு முழங்கால் போட்டாள். பக்கத்தில் இருந்தாள், அது போதும் எனக்கு.

அப்புறம் ஒரு மாதம் வரவில்லை. நாங்கள் சந்தோஷப்படவில்லை. எங்களுக்குத் தைரியம் இல்லை. “இது நம்ம பழைய கததான்” என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்த்தாள். எண்ணெய் காய்கிற வாசனையே ஆகாமல் போன பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அரிசி அளவுக்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

“நெசமாவா டாக்டரம்மா?” என்று உங்கள் அம்மா கேட்டாள்.

“நெசந்தானுங்க கண்ணு.”

“இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுதியளா?”

அவர் இன்னொரு தடவை பார்த்துச் சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வந்த பஸ்ஸில் எல்லாம் ஏறாமல் நின்றுகொண்டே இருந்தோம்.

யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்தில் கொஞ்சம் உதிரம் பட்டது. படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் ஜெபித்தது ஜெபமே இல்லை, “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டது மட்டும்தான். வீட்டுக்கார அம்மா ஒரு நாள் வந்து பார்த்தார். கேட்க வாய் எடுத்தார், அடக்கிக்கொண்டார். “நான் ஒண்ணும் கேக்கலீங்க கண்ணு” என்று சொல்லி முருங்கைக்கீரையை வைத்துவிட்டுப் போனார். இரண்டாயிரத்து எட்டில் மகளே, நீ பிறந்தாய். அதே டாக்டரம்மா, அதே மாத்திரை, அதே ஜெபம், கொஞ்சம் வருடம் கழித்துத் தம்பியும் வந்தான். முதலாளி வீட்டு மருமகளுக்காகவும் நாங்கள் தினமும் ஜெபித்தோம். இன்னும் ஜெபிக்கிறோம். அங்கே இன்னும் குழந்தை இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்.

மகளே, உன்னைச் சபையில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்த நாளில் அந்த ஜெபக்குழு அக்கா உன்னைக் கையில் வாங்கி, “என்னை மன்னிச்சிரும்மா வசந்தி” என்று தேம்பினார். “என் மேல உள்ள ஆசையிலதானக்கா சொன்னிய” என்றாள் உங்கள் அம்மா. பிறகு பாஸ்டர் ஐயாவிடம் போய், “என் பிள்ளைக்கு அப்புறமா ஜெபிங்கய்யா. முதல்ல பிள்ளை இல்லாதவங்களுக்கு ஜெபிங்க. யாரையும் எழும்பி நிக்கச் சொல்லாதிய, பேரு கேக்காதிய” என்றாள். ஐயா அப்படியே செய்தார். கண்ணை மூடியிருந்த சபையில் அங்கங்கே விசும்பல் கேட்டது. இத்தனை பேரா என்று நான் திகைத்துப்போனேன்.

அன்றிலிருந்து நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு அந்த ஜெபம் நடக்கிறது. இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, நீயும் வா. வைத்தியத்தை விடாதே, ஜெபத்தையும் விடாதே. ஜெபிக்க வாய் வராவிட்டாலும் பரவாயில்லை, உனக்காக நாங்கள் கேட்கிறோம். பின் வரிசையில் உட்கார்ந்துகொள். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று உன்னை அங்கே ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.