நாற்பது கிராம் கூடுதல்

"இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேணும் மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா. எது குடுத்தாலும் பெட்டி கனக்குது."

"கனமில்லாம வாங்குறேன்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்ன. அந்தக் கழுத்துத் தலையணை முந்நூறு கிராம்!"

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் மாமனார். இப்போது மாமியாரோடு ஊர் ஊராகச் சுற்றுகிறார். மருமகள் இதுவரை கொடுத்த நான்கு பரிசுகளும் அலமாரியை விட்டு நகரவில்லை. ஐந்தாவதையாவது பெட்டிக்குள் ஏற்றிவிடும் வைராக்கியத்தில், பெட்டியை மாட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்றை வாங்கினாள்.

மாமனார் பரிசைப் பிரித்தார். உள்ளே போய்த் தம் பழைய எடைக்கற்களைக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டார்.

"நாப்பது கிராம் கூடுதலா காட்டுது."

மருமகளுக்கு முகம் விழுந்துவிட்டது. "மாத்திட்டு வந்துடறேன் மாமா."

"தொடாதே!" என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் சிக்கிய முதல் குற்றவாளி அது.

அடுத்த பயணத்தில் தராசு பெட்டிக்குள் ஏறியது. கூடவே எடைக்கற்களும் ஏறியதால் மாமியாரின் கம்பளிச் சட்டைகள் இறங்கின. திரும்பி வந்ததும் மாமியார் மருமகளைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"மலையில எவ்வளவு காட்டுது, கடலோரத்துல எவ்வளவு காட்டுதுன்னு மனுஷன் அறையை விட்டே வரல. கல்யாணமானதுலேர்ந்து இப்பத்தான் ஒரு ஊரை நிம்மதியா பார்த்தேன். அடுத்த வருஷமும் இப்படியே கோளாறானதா ஒண்ணு பார்த்து வாங்கிக் குடும்மா."