பத்துக்கு எவ்வளவு?

சர்க்கரை நோயாளிகளிடம் மார்க் கேட்பதுதான் என் வேலை. வீடு வீடாகப் போவேன். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வீர்களா, வாயைக் கட்டுவீர்களா, ஊசியை நீங்களே போட்டுக்கொள்வீர்களா, அதற்கு எவ்வளவு தைரியம் இருக்கிறது, சைபரிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டு, ஃபாரத்தில் அந்த எண்ணை வட்டம் போட வேண்டும். குறைவாகச் சொல்கிறவர்களை நர்ஸ் வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார். உள்ளதைச் சொன்னால்தான் உதவி. நம் ஜனங்களுக்கோ மார்க் என்றாலே பள்ளிக்கூடம்தான். முதலியார்பேட்டையில் ஒருவர், "பாஸ் மார்க் எவ்ளோம்மா?" என்று விசாரித்துவிட்டு அதற்கு மேல் ஒன்று சேர்த்துச் சொன்னார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வெயிலில் நாலு தெரு அலைந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதே எரிச்சலோடுதான் அடுத்த சந்தில் கீரைக்கார அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. வீட்டில் அவரும் ஒரே மகளும்தான். மகளைக் கட்டியவருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பிரான்சிலேயே வேலை.

நான் போன நேரம் மகள் அம்மாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். மகள் அவர் வயிற்றில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள். அடுத்த நொடி ஊசியைக் குத்தி எடுத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து நான் கேட்டேன்.

"ஊசிய நீங்களே போட்டுக்குவீங்களாக்கா? பத்துக்கு எவ்ளோ?"

"பத்து."

அடேயப்பா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷி. மகளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவாம்மா?"

"ஆமாண்டி. ஊசி, இன்னா பெரிய ஊசி. நீ இருக்கறதால உன் கையால போட்டுக்கறேன்."

பத்தில் வட்டம் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன். சந்து முனையைத் தாண்டுவதற்குள் அக்கா கையில் ஒரு கட்டு அரைக்கீரையோடு பின்னால் ஓடி வந்தார்.

"நில்லும்மா. அந்தப் பத்த அடிச்சுடு."

"எவ்ளோ போடணும்?"

"ஒண்ணுகூட வராது. ஊசியப் பாத்தாலே கை ஒதறுது. ஆனா அவகிட்ட சொல்லிடாத. அடுத்த மாசம் டிக்கெட்டு. புருஷன் ஒரு ஊர்ல, இவ ஒரு ஊர்லன்னு மூணு வருசமா விசாவுக்குக் காத்துனு இருந்தா. எனக்குப் பயம்னு தெரிஞ்சா போவமாட்டா. பெத்தவ எனக்குத் தெரியாதா?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. பத்தை அடித்துவிட்டு சைபரில் வட்டம் போட்டேன். கீரை வேண்டாம் என்றேன்.

"கீரை குடுக்கறேன்னு சொல்லிட்டுதான் வந்தேன். திருப்பி எடுத்துனு போனா சந்தேகப்படுவா. வாங்கிக்க."

வியாழக்கிழமைகளில் அக்கா மார்க்கெட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவார். முதல் இரண்டு வாரம் சாத்துக்குடியில் குத்திப் பழகினார். "பழம் கத்தாதும்மா, நான் கத்துவேனே" என்பார். மூன்றாவது வாரம், காலையிலேயே மகள் மருந்து போட்டுவிட்டதால், நர்ஸ் உப்புத்தண்ணீரை ஏற்றி ஊசியைக் கையில் கொடுத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஊசி வயிற்றுக்குப் பக்கத்தில் வரும், திரும்பிப் போகும். என் வாய் சும்மா இருக்குமா?

"உங்க பொண்ணு ஏரோப்ளேன் ஏறணுமா வேணாமாக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு இடது கை விரலால் தன் வயிற்றில் தானே இரண்டு தட்டு தட்டினார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குத்திவிட்டார். நர்ஸ் கை தட்டினார். எனக்குக் கை தட்ட வரவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு காலையில், அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி அக்கா தானே போட்டுக்காட்டினாராம். மகள் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாளாம். ஆனால் குறித்த தேதியில் கிளம்பிப் போனாள்.

ஆறு மாதம் கழித்து அதே ஃபாரத்தோடு மறுபடி போனேன். வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். அப்போதுதான் ஊசி போட்டு முடித்து ஊசியை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பத்துக்கு எவ்ளோக்கா?"

இந்த முறை யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நிதானமாக யோசித்தார்.

"எட்டு."

"ஏன், இன்னும் கை ஒதறுதா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு நாள்கூட வுடல. மருந்து அளவும் நானே பாத்துக்கறேன்."

"அப்பறம் எதுக்கு ரெண்டு கொறைக்கறீங்க?"

விரலை வயிற்றில் வைத்து மெல்ல இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

"இது மட்டும் அவ தட்றா மாதிரி வரலம்மா."

எட்டில் வட்டம் போட்டேன். இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. இருக்கட்டும் என்று ஃபாரத்தை மூடிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.