பேனல் சூடானால் பவர் ஏன் குறைகிறது?

கல்லூரியில் நான் பிசிக்ஸ் எடுத்ததும் பக்கத்து வீட்டு மதினி கேட்டார்.

"ஏலே, இதைப் படிச்சா என்ன ஜோலி கிடைக்கும்?"

"ராக்கெட் விடுவேன் மதினி. முதல் ராக்கெட்டுல உங்களத்தான் ஏத்துவேன்."

"என்னை வேண்டாம். உங்க அண்ணன ஏத்தி விடு, இங்கன நான் நிம்மதியா இருப்பேன்."

மூன்று வருடம் ஓடியது. கூடப் படித்த ஒருவன் பி.எட். சேர்ந்தான். ஒருத்தி மருத்துவ இயற்பியல் படிக்கப் போனாள். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் வேலைக்கான படிப்பு. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தாளில் ஒரு அரியர் மிச்சமிருந்தது.

அதோடுதான் புதூர்ப் பக்கம் கரிசல் காட்டில் இருக்கும் சோலார் பிளான்ட்டுக்கு இன்டர்வியூ போனேன். ஊரை விட்டுப் போகாமல், படித்த படிப்புக்கே ஒரு வேலை. எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்றிருந்தது.

இன்ஜினியர் கேட்டார்: "சித்திரை வெயில்ல பேனல் சூடாக ஆக பவர் கூடுமா, குறையுமா?"

"குறையும் சார். அந்த வெயில்ல நாங்களே வேலை பாக்க மாட்டோம், கண்ணாடி மட்டும் பாக்குமா?"

சிரித்துவிட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் 'கூடும்' என்றார்களாம். வேலை கிடைத்த மாதிரிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, ஏன் குறையுது?"

"சூடானா வோல்டேஜ் இறங்கும் சார்."

"அதான், ஏன் இறங்குது?"

வாயில் நாலு கேலி தயாராக இருந்தது. அவற்றை விழுங்கிவிட்டு, "எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு அரியர் இருக்கு சார்" என்றேன். அரியர் வைத்த தாளில், நான் திறந்தே பார்க்காத குறைகடத்திப் பாடம் அது.

"அரியரை முடிச்சிட்டு வாங்க. அடுத்து ஆள் எடுக்கும்போது பாப்போம்" என்றார்.

மறுநாள் எங்கள் ஆடுகளை மேய்க்கப் பத்திக்கொண்டு போகையில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. விடாமல் அதே பக்கத்தைப் படித்தேன். ஒரு மத்தியானம், உடைமர நிழலில், பிடிபட்டது. சூட்டில் எலக்ட்ரான்கள், பட்டியை உடைத்த ஆடுகள் மாதிரி, தாமாகவே பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. உள்ளே கசிவு கூடுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது. சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை தடுமாறவில்லை.

அப்போதுதான் திருப்பூரிலிருந்து மாமா மகன் போன் போட்டான்.

"ஏலே, பனியன் கம்பெனில ஆள் எடுக்காவ. நாளைக்கே கிளம்பி வா."

"வரல மச்சான். பரீட்சைக்குப் படிக்கேன்."

"நீயா? படிக்குதியா? உடம்புக்கு ஏதும் முடியலையாலே?"

"ஆமா மச்சான். பாஸாகுற வரைக்கும் டாக்டர் வெளியூர் போகக் கூடாதுன்னுட்டாரு."

போனை வைத்துவிட்டு அடுத்த பாடத்தைப் பிரித்தேன்.